பார்த்தவரே தலைவர்

என் குடும்பத்துக்குத் தலைமை தாங்குவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முடிவு செய்தேன். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து இப்படி ஒரு ஆசை வந்ததற்கு நான் பொறுப்பல்ல. என் கம்பெனிதான் பொறுப்பு.

எங்களுடையது நாற்காலி கம்பெனி. இரும்புச் சட்டத்தில் மூன்று இருக்கைகளைச் சேர்த்துக் காத்திருப்பு அறைகளில் வரிசையாகப் போட்டிருப்பார்களே, அது எங்கள் சரக்கு. இந்த ஊரில் பொறுமை இழந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் இழந்திருக்கிறார்கள். நான் நாற்காலி செய்கிறவன் அல்ல, செய்ததைப் பார்க்கிறவன். பரிசோதனைப் பிரிவு. ஆட்டிப் பார்ப்பேன், தட்டிப் பார்ப்பேன், உட்கார்ந்து பார்ப்பேன். நான் உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறவன் என்று என் மனைவி சொல்வதில் பொய் எதுவும் இல்லை.

பழைய முதலாளிக்கு ஒரே கொள்கைதான். மணி அடிப்பதற்கு முன் உள்ளே இரு, அடித்த பிறகு வெளியே போ. அவர் ஓய்வெடுத்துக்கொண்டு தன் இடத்தில் மருமகளை உட்கார வைத்தார். மேடம் வந்த புதிதில் எதையும் மாற்றவில்லை. சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் வாசலில் பலகை ஒன்று மாட்டினார். ‘எங்கள் விழுமியங்கள்’ என்று தலைப்பு. அதன் கீழே நேர்மை, தரம், தூய்மை, தலைமை. விழுமியம் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிராத பட்டறை ஆட்கள், எது விழப் போகிறது என்று கூரையைப் பார்த்தார்கள்.

முதல் மூன்றும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. நேர்மையாக இருக்கிறாயா என்று யாரும் தினமும் வந்து கேட்கப்போவதில்லை. தரத்துக்கு முத்திரை இருக்கிறது. தூய்மைக்குத் துடைப்பம் இருக்கிறது. தலைமையைத்தான் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒருவரிடம் இருந்தால் அது பதவி. எல்லோரிடமும் இருக்க வேண்டும் என்றால் அதற்கு என்ன அர்த்தம்? இந்தக் கேள்வியை மேடமே உணவறையில் எங்களை உட்கார வைத்துக் கேட்டார். அவரே ஒரு விதியைச் சொன்னார்.

ஒரு குறையை யார் முதலில் பார்க்கிறாரோ, அவர்தான் அந்தக் குறைக்குத் தலைவர். அவர் கையைத் தூக்கி, ‘நான் பார்த்தேன்’ என்று சொல்ல வேண்டும். அது சரியாகி முடியும்வரை அவர்தான் முன்னால் நிற்க வேண்டும். மற்றவர்கள் எல்லோரும், மேடம் உட்பட, அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். பார்த்தவரே தலைவர்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கைதட்டினோம். மறுவாரமே கம்பெனியில் எல்லோருக்கும் பார்வை மங்கத் தொடங்கியது.

உணவறையில் ஒரு நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. நாற்காலி கம்பெனியிலேயே அப்படி. முன்பெல்லாம் அதில் உட்காருகிறவன் முதலில் கம்பெனியைத் திட்டிவிட்டுத்தான் சாப்பிடுவான். இப்போது அதில் உட்காருகிறவர்கள் ஒரு பாதத்தைத் தரையில் அழுத்தி நாற்காலியை நேராக நிறுத்திக்கொண்டு, ஞானி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பட்டறை மூலையில் மின்விசிறி ஒன்று கடகடவென்று அடித்துக்கொண்டது. அதன் கீழே நின்றவர்கள் குரலை உயர்த்திப் பேசினார்களே தவிர ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் பிரிவில் என்னோடு வேலை செய்கிறவருக்குக் கண்ணாடி என்று பட்டப்பெயர். புட்டி அடி மாதிரித் தடித்த கண்ணாடி போடுகிறவர். விதி வந்த பிறகு, உள்ளே நுழையும்போதே அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுவிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு இரண்டே பேர்தான். நானும் கண்ணாடியும்.

அந்த இடத்தை நான் எவ்வளவு விரும்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரிவுத் தலைவரின் அறை சின்னது, ஜன்னல்கூட இல்லாதது. ஆனால் அதற்கு ஒரு கதவு உண்டு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கதவுக்கு வெளியே நின்று, எட்டிப் பார்த்து, ‘வரலாமா’ என்று கேட்டுக் கேட்டே என் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஒரே ஒரு தடவை உள்ளே உட்கார்ந்துகொண்டு, ‘வாங்க’ என்று சொல்லிப் பார்க்க வேண்டும். வேறு பெரிய லட்சியம் எனக்கு இல்லை.

மேடம் அறிவித்தார். வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போகிற எதுவும் விழுமியம் ஆகாது. வீட்டில் இல்லாதது இங்கேயும் இருக்காது. அதனால் மாதக் கடைசியில் குடும்பத்தோடு ஒரு மாலை கூடுவோம். அங்கே உங்கள் வீட்டு ஆட்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, பிரிவுத் தலைவர் யார் என்று அன்றைக்கே சொல்வேன்.

இதில் எனக்கு ஒரு சிக்கல் இருந்தது. காரணம் என் மனைவி.

அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். வீங்கின தாடையோடு வந்து, ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்று உறுமுகிறவர்களைக் குரல் உயர்த்தாமல் உட்கார வைப்பது அவள் வேலை. அவ்வளவு பேரை அடக்கிவிட்டு வீட்டுக்கு வருகிறவளுக்கு நான் ஒரு பொருட்டா? எங்கள் வீட்டில் தலைவர் யார் என்று அவளை மேடையில் ஏற்றிக் கேட்டால், அவள் உண்மையைச் சொல்லிவிடக்கூடிய அபாயம் இருந்தது.

எனவே ஒரு திட்டம் போட்டேன். சாதாரணத் திட்டம் அல்ல. மேடத்தின் விதியை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுவது. வீட்டில் எந்தக் குறையையும் முதலில் பார்க்கிறவள் அவள்தான். எப்போதும் அப்படித்தான். ஆகவே எல்லா வேலைக்கும் அவளே தலைவர் ஆவாள். வழக்கம்போல அவளே செய்வாள். எனக்குத் துரும்பளவும் வேலை அதிகமாகாது. ஆனால் விதியைக் கொண்டுவந்தவன் நான். அப்படியானால் நான் யார்? தலைவர்களுக்கெல்லாம் தலைவர். மேடையில் அவள் இதைச் சொன்னால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவியையும் மகளையும் கூடத்தில் உட்கார வைத்து விளக்கினேன். மகள் பதினோராம் வகுப்பு. கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“பாத்தவங்க சொல்லணும். சொன்னவங்க முடிக்கணும். அதானே?”

“அதேதான்.”

“பாக்காதவங்க?”

“அவங்க தலைவர் சொல்றதக் கேட்டு நடக்கணும்.”

“தலைவர் யாரா இருந்தாலும்?”

“யாரா இருந்தாலும். அதுதான் இதுல அழகு.”

“சரிங்க” என்றாள்.

மடித்துக்கொண்டிருந்த என் சட்டையைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதையும் அவள் முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மனதுக்குள் அந்தக் கதவுள்ள அறையில் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சில நாட்களில் என் மனைவிக்குக் கண் தெரியாமல் போய்விட்டது.

எரிவாயு தீர்ந்துபோனதை அவள் பார்க்கவில்லை. அடுப்பு எரியவில்லை என்பதை நான்தான் பார்த்தேன். நான் பார்த்தேன் என்று தெரியாமல் சொல்லிவிட்டதால், சிலிண்டருக்கு நான்தான் தலைவர் ஆனேன். குளியலறை விளக்கு செத்துப்போனதையும் அவள் பார்க்கவில்லை. இருட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே குளித்துவிட்டு வந்தாள். சோப்பு தீர்ந்தது, குப்பை நிறைந்தது, கூடத்துக் கடிகாரம் நின்றது. வீட்டில் அன்றாடம் இத்தனை சாமான்கள் தீர்கின்றன, நிறைகின்றன, நிற்கின்றன என்பதே எனக்கு அதுவரை தெரியாது. அவள் பார்த்துக்கொண்டிருந்த வரையில் எதுவும் தீர்ந்ததில்லை.

ஆனால் நான் மட்டும் சும்மாவா? பார்க்காமல் இருப்பதில் கம்பெனியிலேயே நல்ல பயிற்சி எடுத்தவன். நானும் பார்ப்பதை நிறுத்தினேன். மகள் பிறவியிலேயே இதில் தேர்ந்தவள். மூன்று பேரும் முட்டிக்கொள்ளாமல் நடமாடுவதே பெரிய சாதனையாக இருந்தது.

சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் கசியத் தொடங்கியது அப்போதுதான். முதலில் ஒரு ஈரம். பிறகு ஒரு சின்னக் குளம். அது மெல்ல வாசற்படி தாண்டிக் கூடத்துக்கு வந்தது. நான் செய்தித்தாளைப் படித்துக்கொண்டே அதைத் தாண்டினேன். மகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தாண்டினாள். மனைவி தட்டு நிறையச் சோற்றை ஏந்திக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கி, ஒரு நாட்டியக்காரியைப் போலத் தாண்டி வந்து பரிமாறினாள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்தால் பார்த்ததாகிவிடும்.

அன்று செவ்வாய்க்கிழமை. எனக்குக் கம்பெனியிலும் ஒரு விஷயம் கண்ணில் பட்டிருந்தது. அதையும் நான் பார்க்கவில்லை.

மாலை ஏழு மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். எதற்கும் பதறாதவர். தன் வீட்டுச் சமையலறையில் மழை பெய்வதாகவும், வெளியே எட்டிப் பார்த்தால் வானம் தெளிவாக இருப்பதாகவும், இதைப்பற்றி எங்களுக்கு ஏதாவது தெரியுமா என்றும் நிதானமாகக் கேட்டார்.

நான் ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். காலடியில் குளம் மினுமினுத்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று என் மனைவியிடம் விசாரித்தார்.

மனைவி அவருக்கு எங்கள் வீட்டு விதியை எடுத்துச் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் சொன்னபோது அது இவ்வளவு தெளிவாக இருந்ததாக எனக்கு நினைவில்லை.

“அப்ப நான்தானே முதல்ல பாத்தேன், தங்கச்சி?”

“நீங்கதாண்ணே.”

“அப்ப நான்தான் தலைவரு.”

“ஆமாண்ணே. பாக்காதவங்க எல்லாம் நீங்க சொல்றதக் கேக்கணும். உங்க மாப்பிள்ளை கொண்டுவந்த சட்டம்.”

கீழ்வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். வாழ்நாள் முழுக்க எவனோ காட்டுகிற பச்சைக் கொடிக்குக் காத்திருந்த மனிதர். கடைசியில் கொடி அவர் கைக்கே வந்துவிட்டது.

“மாப்பிள்ளை, சட்டையக் கழட்டுங்க. உள்ள படுங்க.”

இரண்டு நிமிடத்தில் நான் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். முதுகுக்குக் கீழே குளம், முகத்துக்கு மேலே குழாய். தலைவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து உத்தரவு போட்டார். மனைவி டார்ச் பிடித்தாள். மகள் வாசற்படியில் சாய்ந்து நின்று, அப்பா தலைவர் சொல்வதை நன்றாகக் கேட்டு நடப்பதாகப் பாராட்டினாள்.

குழாயும் தொட்டியும் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி. அங்கிருந்துதான் நீர் கசிந்தது. அங்கே ரப்பரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். தலைவர் பொழுதுபோகட்டும் என்று என் வேலையைப் பற்றிக் கேட்டார். அப்படி ஒரு கோலத்தில் கிடக்கிற மனிதன் தன் தொழில் பெருமையையாவது காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பான். நானும் பார்த்தேன். இந்த மாதிரி இடைவெளியெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு, இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிற நாற்காலிகளில்கூட, சட்டத்தையும் பின்பக்க இடது காலையும் பற்றவைத்த இடத்தில் இதே போல ஒரு இடைவெளி, லேசில் கண்ணுக்கே தெரியாது என்றேன்.

டார்ச் வெளிச்சம் குழாயை விட்டு என் முகத்துக்கு வந்தது.

“அந்த நாற்காலிய நீங்க பாத்தீங்களா?” என்றாள் மனைவி.

“இல்லையே.”

“பாக்காம, இடது காலுன்னு எப்படித் தெரிஞ்சது?”

குழாயிலிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. கண்ணாடியும் பார்த்தார், அவரும் சொல்லவில்லை என்றேன். அவர்தான் கண்ணாடியே போடுவதில்லை என்றீர்களே என்றாள். சொல்லிவிட்டால் நான்தான் தலைவர் ஆவேன் என்றேன். நாளைக்குக் காலையில் லாரி. அதைத் தடுக்க வேண்டும். எல்லாவற்றையும் இறக்க வேண்டும். விடுமுறை நாளிலும் எல்லோரையும் வரச் சொல்ல வேண்டும். மொத்தக் கம்பெனியும் என்னைச் சபிக்கும். சரக்கு தாமதமானால் மேடத்துக்குக் கெட்ட பெயர். பத்து நாளில் பதவியை அறிவிக்கப்போகிற நேரத்தில் எவனாவது அவருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருவானா? பின்னால் ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்ளலாம். அது வெறும் மயிரிழைதான். பார்த்து உட்கார்ந்தால் ஒன்றும் ஆகாது.

இவ்வளவையும் படுத்துக்கொண்டே வாதாடினேன். மகள் கைப்பேசியைக் கீழே இறக்கிவிட்டாள்.

மனைவி குரலை உயர்த்தவில்லை. மருத்துவமனையில் பேசுகிற குரலிலேயே சொன்னாள். “வலியோட வர்றவங்க பாத்து உக்கார மாட்டாங்க. விழுவாங்க. நான் தினம் பாக்கறேன்.”

பிறகு டார்ச்சை மறுபடி குழாய்க்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான். செய்யுங்கள் என்றும் சொல்லவில்லை, செய்யாதீர்கள் என்றும் சொல்லவில்லை. கசிவு நின்றது. தலைவர் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கீழே போனார். நான் தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேசிப் பேசி ஒரு மனிதனைப் பணிய வைத்தால் அவன் மறுநாள் எழுந்து மறுபடி வாதாடுவான். பேசாமல் விட்டுவிட்டால் அவன் என்ன செய்வான்?

மறுநாள் புதன்கிழமை. பட்டறையில் லாரி நின்றது. பாதி ஏற்றியாகிவிட்டது. மேடம் ஓரமாக நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். முதலில் தோள் வரைக்கும்தான் போயிற்று. மேடம் கவனிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.

“நான் பார்த்தேன்” என்றேன்.

விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இடது காலைக் காட்டினேன். மேடம் குனிந்து, நகத்தால் அந்த இடைவெளியைத் தடவிப் பார்த்தார். உடனே சுற்றி நின்ற ஆறேழு பேருக்குப் பார்வை திரும்பிவிட்டது. தாங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். கண்ணாடி சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தான் நேற்றே பார்த்துவிட்டதாகச் சொன்னார். நேற்றே பார்த்தவர் ஏன் நேற்றே சொல்லவில்லை என்று மேடம் கேட்டார். கண்ணாடி மறுபடி பைக்குள் போயிற்று.

எப்போது பார்த்தீர்கள் என்று என்னையும் கேட்டார். நேற்று என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் டார்ச் வெளிச்சம் இன்னும் முகத்தில் இருந்த மாதிரி ஒரு உணர்வு.

“நீங்கதான் தலைவர். என்ன செய்யணும், சொல்லுங்க” என்றார் மேடம்.

லாரியிலிருந்து சரக்கை இறக்கினோம். விடுமுறை நாளிலும் வேலை நடந்தது. எதிர்பார்த்தபடியே சபித்தார்கள். நான் நுழைந்ததும் உணவறையில் பேச்சு நின்றது. அதட்டி வேலை வாங்குகிற வித்தை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது முந்தின நாள் கற்றுக்கொண்ட ஒன்றுதான். பற்றவைக்கிறவர் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அவருக்கு வாகாகச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தேன். முதல் நாள் நான் மட்டும்தான் தரையில் கிடந்தேன். இரண்டாம் நாள் பக்கத்துச் சட்டத்துக்கு அடியில் இன்னொரு ஜோடிக் கால் தெரிந்தது. அது யாருடையது என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்து போய்விடுவாரோ என்று பயம்.

சரக்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. மேடத்துக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சூடான தொலைபேசி அழைப்பு ஒன்று வந்ததாகக் கேள்வி. கதவுள்ள அறையை நான் மனதுக்குள்ளேயே காலி செய்துவிட்டேன்.

இருந்தாலும் ஆசை விடுமா? குடும்ப மாலைக்கு முந்தின நாள் மனைவியை உட்கார வைத்து, மேடையில் பேச ஒரு உரை சொல்லிக் கொடுத்தேன். குடும்பம் ஒரு கப்பல், அதன் மாலுமி என் கணவர், புயல் வந்தபோதெல்லாம் அவர்தான் சுக்கான் பிடித்தார் என்று போகும். அவள் இரண்டே தடவையில் மனப்பாடம் செய்து ஒப்பித்தாள். எனக்குப் பழைய அனுபவம் ஞாபகம் வந்தது. மறுபடியும் முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டுவிட்டாளே.

குடும்ப மாலை கம்பெனி உணவறையிலேயே நடந்தது. முதலில் கண்ணாடியின் மனைவி மேடை ஏறினார். அவர்கள் வீட்டில் கண்ணாடி சொல்லாமல் ஒரு இலைகூட அசையாதாம். பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும், கூடத்துக்கு என்ன வண்ணம் அடிக்க வேண்டும், எல்லாம் அவர் முடிவுதானாம். மூச்சு விடாமல் சொன்னார். நடுவில் ஒரு இடத்தில் தடுமாறினார். கண்ணாடி கீழே இருந்தபடியே எடுத்துக்கொடுத்தார்.

அடுத்தது என் மனைவி. நானும் எடுத்துக்கொடுக்கத் தயாராகக் கப்பல் என்று உதட்டைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேடம் கேட்டார். “உங்க வீட்டுல தலைவர் யாரு?”

“அவர்தான்” என்றாள்.

என் முதுகு நிமிர்ந்தது. கப்பல் வரவில்லை. பரவாயில்லை, வரும்.

“எப்படிச் சொல்றீங்க?”

“நான்தான் போட்டேன்.”

கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு சிரித்தது. என் பிரிவு ஆட்கள், அத்தனை நாள் என்னோடு பேசாதவர்கள், மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். எப்போது போட்டீர்கள் என்று கேட்டார். கல்யாணத்தன்றைக்கு என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன்.

“போன வாரம். புதன்கிழமை.”

சிரிப்பு இரண்டு மடங்கானது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று நேரம் கழித்துத்தான் மேடையை நிமிர்ந்து பார்த்தேன். மேடம் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். அது எந்தப் புதன்கிழமை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவர் சுருக்கமாகவே பேசினார். தன் விதி கம்பெனியில் எல்லோரையும் கண் தெரியாதவர்களாக ஆக்கிவிட்டதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். பார்க்கிறவன் தலையிலேயே எல்லாச் சுமையையும் ஏற்றினால் எவனும் பார்க்கத் துணிய மாட்டான். இனிமேல் பார்த்தவர் சொன்னால் போதும், சுமப்பதை எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். பலகையில் எழுதி மாட்டிவிட்டால் ஒன்று விழுமியம் ஆகிவிடும் என்று நினைத்தது தன் தவறு. தனக்கு நஷ்டம் என்று தெரிந்தும் எதை விடாமல் செய்கிறோமோ அதுதான் விழுமியம். அப்படி ஒரு கை இந்த மாதம் கம்பெனியில் தூக்கப்பட்டது. ஒரு நாள் தாமதமாகத்தான் தூக்கப்பட்டது, ஆனாலும் தூக்கப்பட்டது. இதைச் சொல்லிவிட்டு, என்னைப் பிரிவுத் தலைவராக அறிவித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் தரையில் நடக்கவில்லை. பேருந்தில் ஜன்னலோர இருக்கையை மனைவிக்கு விட்டுக்கொடுத்தேன். பெருந்தன்மையும் தலைமையின் ஒரு பகுதி. மகள் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ‘வரலாமா சார்’ என்று என்னைக் கேட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். நான் மனைவியிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினேன். கம்பெனியில் என்னைப் போட்டது மேடம். வீட்டில் போட்டது நீ என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாய். இருக்கட்டும். போட்டாயே, அதுவரைக்கும் சரி.

அவள் வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். “அங்க எப்படி? நிரந்தரமாவே போட்டுட்டாங்களா?”

“உடனே இல்ல. ஆறு மாசம் எப்படிப் பண்றேன்னு பாத்துட்டு நிரந்தரம் பண்ணுவாங்க.”

என் மனைவி மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

“அவ்வளவு சீக்கிரமாவா?”